பாட்டிலில் ஒட்டும் மீதி யார் கணக்கில்?



மலருக்கு ஏதாவது ஒரு வரலாறு எழுதித் தாம்மா என்று நம்ம தலைவி அக்கா கேட்டார்கள். ஆரணிக் கோட்டையைப் பற்றியும் பட்டைப் பற்றியும் எழுத ஊரில் படித்தவர்கள் இருக்கிறார்கள். பத்தாவது வரை படித்த எனக்குத் தெரிந்தது அடுப்படி, தறி, குழுக் கணக்கு நோட்டு. இந்த மூன்றிலும் வருகிற ஒரு விஷயத்தைத்தான் எடுத்துக்கொண்டேன். பாட்டில், டியூப், பாக்கெட் எதுவானாலும் உள்ளே ஒட்டிக்கொண்டு வெளியே வரமாட்டேன் என்று அடம் பிடிக்குமே, அந்தக் கடைசி மீதி. காசு கொடுக்கும்போது முழுசுக்கும் கொடுக்கிறோம். தட்டுக்கு வரும்போது கொஞ்சம் குறைந்துதான் வருகிறது. இதை நாம் ஒரு குறையாகவே நினைப்பதில்லை. ஆனால் இதையே நினைத்து நினைத்துப் புதுசு புதுசாகச் செய்து பார்த்தவர்கள் உலகத்தில் இருந்திருக்கிறார்கள். அவர்களில் சிலர் நம் தமிழ்நாட்டோடு சம்பந்தப்பட்டவர்கள்.

இப்போது இதை எழுத இன்னொரு காரணமும் உண்டு. நாம் பூண்டுத் தொக்கும் புளிக்காய்ச்சலும் ஜவ்வாது மலைத் தேனும் பாட்டிலில் போட்டு விற்கிறோம். அடுத்த தடவைக்கு எந்தப் பாட்டில் வாங்குவது என்று பேச்சு நடக்கிறது. அகல வாய்க் கண்ணாடி பாட்டில் விலையும் கூட, எடையும் கூட. குறுகின வாய் பிளாஸ்டிக் பாட்டில் மலிவு. பவுச் அதைவிட மலிவு. கூட்டத்தில் எல்லாரும் காலி பாட்டிலின் விலையை மட்டும்தான் பேசினோம். வாங்கிப் போகிறவள் வீட்டில் அந்தப் பாட்டில் என்ன ஆகும் என்று பேசவில்லை.

முதலில் பழைய காலத்துக்குப் போவோம். எங்க ஆயா வீட்டில் ஊறுகாய் பீங்கான் ஜாடியில் இருந்தது. ஜாடியின் வாய் அகலம். கை போகும், கரண்டி போகும். எண்ணெய் வாங்கத் தூக்கு எடுத்துக்கொண்டு செட்டியார் கடைக்குப் போவார்கள். கடைக்காரர் உழக்கால் அளந்து புனலில் ஊற்றி, உழக்கைக் கவிழ்த்தபடியே கொஞ்ச நேரம் பிடித்திருப்பார். சொட்டு நிற்கும் வரைக்கும் ஆயா தூக்கை நகர்த்தமாட்டார்களாம். அந்த உழக்கில் ஒட்டியிருப்பது வாங்குகிறவளுடையதா, விற்கிறவருடையதா என்று அங்கேயே நேருக்கு நேர் தீர்ந்துபோகும்.

வீட்டுக்கு வந்த பிறகும் ஒட்டினதற்கு ஒரு வழி இருந்தது. வெண்ணெய் காய்ச்சின சட்டியில் அடியில் கசண்டு ஒட்டியிருக்கும். அதில் சுடுசோறு போட்டு, உப்பு போட்டு, சட்டியைச் சுற்றி வழித்துப் பிசைந்து, பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு உருண்டை. நெய்யைவிட அந்த உருண்டைக்குத்தான் எங்கள் வீட்டில் சண்டை நடக்கும். மாவு அரைத்த குண்டானைக் கழுவின தண்ணீர், அரிசி களைந்த தண்ணீர், சோறு வடித்த கஞ்சி எல்லாம் கழனித் தொட்டிக்குப் போகும், மாடு குடிக்கும். அந்த மாடு பால் கொடுக்கும். ஆக, ஒட்டினது வீணாகப் போகவில்லை. மனுஷர் வயிற்றுக்குப் போகாவிட்டால் மாட்டு வயிற்றுக்குப் போனது. இன்றைக்கு மாடு வைத்திருப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்? பாட்டிலைக் கழுவின தண்ணீர் நேராகச் சாக்கடைக்குத்தான் போகிறது. பாத்திரத்தின் வாய் குறுகினதும் தொழுவம் காலியானதும் ஏறக்குறைய ஒரே காலத்தில் நடந்தன என்று எனக்குத் தோன்றுகிறது.

தறி வீட்டுக்காரிகளுக்கு ஒட்டுகிற பொருளின் கணக்கு புதுசு இல்லை. கச்சாப் பட்டு நூலில் புழு விட்ட பசை இருக்கும். சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்து அந்தப் பசையை எடுத்தால்தான் பட்டுக்குப் பளபளப்பு வரும், சாயமும் நன்றாகப் பிடிக்கும். அந்தப் பசையோடு எடையில் ஏறக்குறைய கால் பங்கு போய்விடும். ஒரு கிலோ நூல் வேகவைக்கக் கொடுத்தால் முக்கால் கிலோவைச் சுற்றித்தான் திரும்பி வரும். இது ஆரணியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதனால்தான் நூலைக் கொடுக்கும்போதும் எடை, சேலையைத் திருப்பும்போதும் எடை. போன பசை யாரும் திருடினது இல்லை, அது தண்ணீரோடு போனது என்று இரண்டு பக்கமும் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட கணக்கு அது. பாட்டில் விஷயத்தில் இப்படி ஒரு கணக்கு கிடையாது. கடைக்காரர் கொடுத்தது முழு எடை, நமக்குக் கிடைத்தது குறைந்த எடை, நடுவில் போனதை யாரும் எழுதி வைப்பதில்லை.

இனி டியூபின் கதைக்கு வருகிறேன். பல் விளக்கும் பேஸ்ட்டுக்காக டியூப் வந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லை. படம் வரைகிறவர்களுக்காக வந்தது. ஜான் காஃப் ராண்ட் என்று ஓர் அமெரிக்க ஓவியர், லண்டனில் இருந்தார். அந்தக் காலத்தில் எண்ணெய் வண்ணத்தைப் பன்றியின் மூத்திரப்பையில் அடைத்து, நூல் போட்டுக் கட்டி வைத்திருப்பார்கள். வேண்டும்போது ஊசியால் ஓட்டை போட்டுப் பிதுக்குவது. ஒரு தடவை திறந்தால் திரும்ப ஒழுங்காக மூட முடியாது, மீதி காய்ந்துபோகும். வண்ணம் விலை கூடின சாமான். ராண்ட் 1841-இல் மெல்லிய தகர உலோகத்தில், பிதுக்கினால் நசுங்குகிற டியூபைச் செய்து காப்புரிமை வாங்கினார். அடியிலிருந்து உருட்டிக்கொண்டே வந்தால் கடைசி வரை வரும். மூடினால் காய்வதில்லை. ஓவியர்கள் வண்ணங்களைப் பையில் போட்டுக்கொண்டு வயல்வெளிக்கும் ஆற்றங்கரைக்கும் போய் உட்கார்ந்து வரைய ஆரம்பித்ததற்கு இந்தச் சின்ன டியூபும் ஒரு காரணம் என்கிறார்கள்.

ஐம்பது வருடம் கழித்து, 1890-களில், வாஷிங்டன் ஷெஃபீல்ட் என்ற அமெரிக்கப் பல் டாக்டர் அதே டியூபில் பல் பசையை அடைத்து விற்றார். அதற்கு முன்னால் பேஸ்ட் ஜாடியில் வரும். வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் அதே ஜாடியில் பிரஷ்ஷை விட்டு எடுக்கவேண்டும். நினைத்தாலே குமட்டுகிறது. 1896-இல் கோல்கேட் கம்பெனியும் டியூபுக்கு வந்தது. நம் பக்கத்தில் அப்போதும் அதற்கப்புறம் வெகுகாலமும் வேப்பங்குச்சி, சாம்பல், கரித்தூள், பிறகு பல்பொடி. பல்பொடி ஒட்டாது, கவிழ்த்தால் முழுசும் வந்துவிடும். அந்த ஒரு விதத்தில் பல்பொடிதான் கெட்டிக்காரச் சாமான்.

நம் ஊர்க் கடைகளில் முதலில் இருந்தவை அலுமினிய டியூப். என் வயசுக்காரிகள் சின்னப் பிள்ளையில் பார்த்திருப்பீர்கள். அடியில் மடித்தால் மடித்தபடியே நிற்கும். சப்பாத்திக் கட்டையை வைத்து உருட்டுவோம், கதவிடுக்கில் வைத்து நசுக்குவோம். காலியான டியூபைப் பழைய சாமான்காரரிடம் போட்டு வாங்கித் தின்றதும் உண்டு. பிறகு 1980-களிலிருந்து பிளாஸ்டிக்கும் நடுவில் மெல்லிய அலுமினியத் தகடும் சேர்ந்த பல அடுக்கு டியூப்கள் வந்தன. நம் நாட்டில் 1982-இல் ஆரம்பித்த எஸ்ஸெல் கம்பெனி இந்த டியூப் செய்வதில் உலகத்திலேயே பெரிய கம்பெனிகளில் ஒன்றாக வளர்ந்தது. புது டியூப் வெடிக்காது, அழகாக அச்சடிக்கலாம். ஆனால் நசுக்கிவிட்டுக் கையை எடுத்தால் திரும்ப உப்பிக்கொள்ளும். உப்பும்போது காற்றை உள்ளே இழுக்கும், வாய் வரை வந்த பேஸ்ட்டும் பின்னால் போய்விடும். அலுமினியத்துக்கு அந்தக் குணம் கிடையாது. இன்றைக்கும் மருந்துக்கடையில் களிம்புகள் பலவும் அலுமினிய டியூபில் வருவதைப் பார்த்திருப்பீர்கள். நசுக்கின இடம் நசுங்கியே இருப்பதால் காற்றும் அழுக்கும் உள்ளே போவதில்லை, மருந்து கெடுவதில்லை. ஆக, புதுசாக வந்தது எல்லா விதத்திலும் நல்லது என்று சொல்லிவிட முடியாது. கத்திரிக்கோலை எடுத்து டியூபை நடுவில் வெட்டி உள்ளே வழிக்கிற வழக்கம் இந்தப் பல அடுக்கு டியூப் வந்த பிறகுதான் நம் வீடுகளுக்குள் வந்தது என்று எங்க அம்மா சொல்வார்கள்.

அடுத்தது நம்ம கடலூர். இந்தக் கதை நமக்கு ரொம்ப வேண்டப்பட்டது, ஏனென்றால் நம்மைப் போன்ற வீடுகளை நினைத்தே நடந்தது.

1970-களில் கடலூரில் சின்னிகிருஷ்ணன் என்பவர் சின்ன அளவில் மருந்து, அழகுசாதனச் சாமான் வியாபாரம் செய்தார். அப்போது ஷாம்பு, பவுடர் எல்லாம் பெரிய பாட்டிலிலும் பெரிய டப்பாவிலும்தான் வரும். கூலி வேலைக்குப் போகிறவர்களால் ஒரு பாட்டில் ஷாம்பு வாங்க முடியாது. ஒரு தடவை தலை குளிக்க எவ்வளவு தேவையோ அவ்வளவை மட்டும் சின்னப் பாக்கெட்டில் அடைத்துக் கொடுத்தால் அவர்களும் வாங்குவார்களே என்று அவர் நினைத்தார். எப்சம் உப்பு, டால்கம் பவுடர் போன்றவற்றைச் சின்னச் சின்னதாகப் பொட்டலம் போட்டார். பொடியைப் பொட்டலம் போடுவது சுலபம். ஒழுகுகிற, ஒட்டுகிற சாமானைப் பாக்கெட்டில் அடைத்து ஒழுகாமல் மூடுவதுதான் வித்தை. அதையும் செய்தார். அவருக்குப் பிறகு அவர் பிள்ளைகள் வெல்வெட் ஷாம்புவைப் பாக்கெட்டில் கொண்டுவந்தார்கள். அவர்களில் சி.கே. ரங்கநாதன் குடும்பத் தொழிலை விட்டு வெளியே வந்து, 15,000 ரூபாய் முதலோடு 1983-இல் தனியாக ஆரம்பித்தார். அப்பாவின் பெயரின் எழுத்துகளை வைத்து சிக் என்று ஷாம்புவுக்குப் பெயர் வைத்தார். இன்றைய கெவின்கேர் அந்தக் கம்பெனிதான்.

ஷாம்பு என்றால் என்னவென்றே தெரியாத ஊர்களுக்குப் போய், பையன்கள் தலையில் போட்டுக் குளிப்பாட்டி, முடியைத் தொட்டுப் பாருங்கள், முகர்ந்து பாருங்கள் என்று காட்டினார்களாம். எனக்குப் பிடித்தது அவர்கள் செய்த இன்னொரு வேலை. காலிப் பாக்கெட் ஐந்து கொண்டு வந்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்று அறிவித்தார்கள். முதலில் எந்தக் கம்பெனிக் காலிப் பாக்கெட்டாக இருந்தாலும் சரி என்றார்கள். பிறகு சிக் பாக்கெட்டுக்கு மட்டும்தான் என்று மாற்றினார்கள். வியாபாரத் தந்திரம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் குப்பையில் கிடந்த காலிப் பாக்கெட்டுக்கு ஒரு விலை வந்தது அல்லவா. விலை இருக்கிற பொருளை யாரும் தெருவில் போடமாட்டார்கள். பிற்பாடு 50 காசுக்கும் சிக் பாக்கெட் வந்தது.

மீதிக் கணக்கில் பாக்கெட் எப்படி? சின்னப் பாக்கெட்டில் சாமான் கொஞ்சம், அதைச் சுற்றியிருக்கிற காகிதம் நிறைய. ஆகவே ஒட்டுவதற்கு இடமும் நிறைய. மூலையில் இரண்டு பக்கமும் தங்கும். ஆனாலும் நம் ஆட்கள் சும்மா விடுவார்களா? பாக்கெட்டை முழுசாகக் கிழித்து, நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுக் கசக்கி, அந்த நுரையையும் தலையில் போட்டுக்கொள்கிறோம். ஊறுகாய்ப் பாக்கெட்டை மட்டும் அப்படிச் செய்ய முடிவதில்லை, பற்களால் இழுக்கவேண்டியதுதான். பாக்கெட்டில் வேறு ஒரு மீதி தங்கிவிடுகிறது. சாமான் தீர்ந்த பிறகு பாக்கெட்டே மீதி. பல அடுக்கு ஒட்டின காகிதம் என்பதால் பழைய பேப்பர்காரர் எடுப்பதில்லை, மறுபடி உருக்கிச் செய்வதும் சிரமம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக் பைகள், தட்டுகள், கப்புகள் தடை ஆயின. ஷாம்புப் பாக்கெட் இன்னும் கடையில் சரம் சரமாகத் தொங்குகிறது. எங்கள் தெருவில் மழை பெய்து சாக்கடை அடைத்துக்கொண்டால், குச்சி விட்டுக் குத்தினால் முதலில் வெளியே வருவது அதுதான். பணம் இல்லாதவளுக்கு ஷாம்பு கொடுத்தது இந்தப் பாக்கெட். அவள் வீட்டு வாசலை அடைத்ததும் இதே பாக்கெட். இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

சாஸ் பாட்டிலுக்கு வருவோம். பிள்ளைகளுக்காக இப்போது நாமும் வாங்குகிறோமே. தேன் கெட்டி, ஆனால் பொறுமையாக இருந்தால் தானாகவே இறங்கும். தக்காளி சாஸ் அப்படி இல்லை. கவிழ்த்தாலும் சும்மா நிற்கும். ஓர் அளவுக்கு மேல் தட்டினால் சட்டென்று இளகி, கேட்டதைவிட இரண்டு மடங்கு தட்டில் விழும். தொக்கும் உளுந்து மாவும் பேஸ்ட்டும் இதே சாதி, தள்ளினால் ஒழிய நகராது. அமெரிக்காவில் பால் பிரவுன் என்பவர் 1991-இல் சிலிக்கான் ரப்பரில் ஒரு சின்ன வால்வு செய்தார். நடுவில் கீறல் இருக்கும். பாட்டிலை அமுக்கினால் கீறல் திறக்கும், விட்டால் மூடிக்கொள்ளும், ஒரு சொட்டு ஒழுகாது. முதலில் ஷாம்பு பாட்டில்களுக்குப் போன அந்த வால்வு பிறகு சாஸுக்கும் வந்தது. 2002-இல் ஹெய்ன்ஸ் கம்பெனி மூடியைக் கீழே வைத்துத் தலைகீழாக நிற்கிற சாஸ் பாட்டிலை விற்க ஆரம்பித்தது. சாமான் எப்போதும் வாயிலேயே வந்து காத்திருக்கும். இதைப் படித்ததும் எங்க அத்தைக்குச் சிரிப்பு. "நாம எண்ண பாட்டில செவுத்துல சாத்தி தலகீழா கவுத்து வெக்கிறதுதான? அதுக்கு அமெரிக்காக்காரன் வேணுமா?" என்றார்கள். ஒழுகாத வால்வுக்கு வேண்டுமே அத்தை என்றேன்.

பெங்களூரில் 2005-இல் பி.சி. முஸ்தபாவும் அவர் உறவுக்காரர்களும் ஆரம்பித்த ஐடி ஃபிரெஷ் மாவுக் கம்பெனியையும் சொல்லவேண்டும். உளுந்து வடை மாவு கையில் எப்படி ஒட்டும் என்று நமக்குத் தெரியும். கையைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டு, நடுவில் ஓட்டை போட்டு எண்ணெயில் நழுவ விடுவோம். அவர்கள் பாக்கெட்டின் வாயையே அமைத்துவிட்டார்கள். அமுக்கினால் மாவு ஓட்டை போட்ட வடையாகவே எண்ணெயில் விழுகிறது. கையே படவேண்டாம்.

இவ்வளவும் பாட்டிலின் உருவத்தை மாற்றினவர்கள் கதை. கடைசியாகச் சொல்லப்போகிறவர்கள் பாட்டிலின் உள்பக்கத் தோலையே மாற்றினார்கள். கிருபா வாரணாசி என்ற பேராசிரியர். நம்ம சென்னை ஐ.ஐ.டி.யில் படித்துவிட்டு அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்ற பெரிய கல்லூரிக்குப் போனவர். எதுவும் ஒட்டாத பரப்புகளைச் செய்வதுதான் அவருடைய ஆராய்ச்சி. அவர் மனைவி வீட்டில் தேன் பாட்டிலோடு மல்லுக்கட்டியதைப் பார்த்துத்தான், ஆராய்ச்சியை இந்தப் பக்கமும் திருப்பலாமே என்ற யோசனை வந்ததாம். ஒரு வீட்டில் ஒரு பெண் தேன் வரவில்லை என்று அலுத்துக்கொண்டதிலிருந்து ஒரு கம்பெனியே வந்தது என்று படித்தபோது எனக்கு ஒரு நிமிஷம் பெருமையாக இருந்தது. நாம் தினமும் அலுத்துக்கொள்கிறோம், கேட்கத்தான் ஆள் இல்லை.

அவரும் அவருடைய மாணவர்களும் செய்தது என்ன? பலாப்பழம் அறுக்கும்போது நாம் என்ன செய்கிறோம்? கையிலும் அரிவாள்மனையிலும் நல்லெண்ணெய் தடவிக்கொள்கிறோம். பால் கையில் ஒட்டாது, எண்ணெய் மேல்தான் நிற்கும். இட்லித் தட்டில் துணியை நனைத்துப் போடுவதும் அதுதான், நடுவில் ஒரு தண்ணீர்ப் படலம். ஆனால் பலாப்பழத்தில் பாதி அறுப்பதற்குள் எண்ணெய் போய்விடும், திரும்பத் தடவவேண்டும். பாட்டிலின் உள்ளே யார் போய்த் திரும்பத் தடவுவது? அதற்கு அவர்கள் உள்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சொரசொரப்பை உண்டாக்கினார்கள். புதுசாகக் கொத்தின அம்மியை நினைத்துக்கொள்ளுங்கள். கொத்தின குழிகளில் அரைத்தது எப்படித் தங்குகிறதோ, அப்படி அந்தச் சொரசொரப்பில் சாப்பாட்டுக்குக் கெடுதல் இல்லாத ஒரு வழவழப்புத் திரவத்தைத் தங்க வைத்தார்கள். குழிக்குள் பிடித்துக்கொண்ட திரவம் வெளியே வராது. அதன் மேல் தேனோ சாஸோ பாட்டிலைத் தொடாமலேயே சறுக்கிக்கொண்டு வந்துவிடும்.

தாமரை இலைத் தண்ணீர் என்று சொல்கிறோமே, அதுவும் சொரசொரப்பால் நடப்பதுதான். இலையில் நுண்ணிய மேடுகளும் மெழுகும் இருக்கின்றன. மேடுகளுக்கு நடுவில் காற்று நிற்பதால் தண்ணீர் இலையைத் தொடாமல் முத்தாக உருள்கிறது. ஜெர்மனியில் பார்ட்லாட் என்ற தாவர ஆராய்ச்சியாளர் 1990-களில் இதை விளக்கிச் சொன்னார். சேப்பங்கிழங்கு இலையிலும் பார்க்கலாம். தாமரை இலையில் நடுவில் நிற்பது காற்று, இந்தப் பாட்டிலில் நடுவில் நிற்பது திரவம், அவ்வளவுதான் வித்தியாசம்.

2012-இல் லிக்விகிளைடு என்ற பெயரில் இதைக் கல்லூரிப் போட்டியில் காட்டிப் பார்வையாளர் பரிசு வாங்கினார்கள். பாட்டிலைக் கவிழ்த்ததும் சாஸ் கட்டி கட்டியாக வழுக்கிக்கொண்டு விழுகிற படத்தை உலகம் பூராவும் பார்த்தார்கள். 2021-இல் கோல்கேட் கம்பெனி ஐரோப்பாவில் எலிக்ஸிர் என்று ஒரு பேஸ்ட்டை இந்த முறையில் விற்றது. கண்ணாடி மாதிரி தெரிகிற பிளாஸ்டிக் பாட்டில், கடைசித் துளி வரை வந்துவிடுவதை வெளியிலிருந்தே பார்க்கலாம். சுத்தமாகக் காலியாவதால் பாட்டிலை மறுசுழற்சிக்குப் போடுவதும் சுலபம். கவனித்தீர்களா, 1841-இல் ஓவியருக்கு வந்த கவலையேதான் இது. வழிமட்டும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

இவ்வளவு பேர் இவ்வளவு பாடுபடுகிற அளவுக்கு அந்த மீதி பெரிசா என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்ற நுகர்வோர் பத்திரிகை 2009-இல் அளந்து பார்த்தது. உடம்புக்குத் தடவுகிற லோஷனில் கால் பங்கு வரை பாட்டிலிலேயே தங்குகிறது. துணி துவைக்கிற திரவ சோப்பில் 16 சதவீதம் வரை. சாஸ், கடுகுப் பேஸ்ட் போன்றவற்றில் 15 சதவீதம் வரை. இது அதிகபட்சக் கணக்கு, எல்லா பாட்டிலிலும் இவ்வளவு நிற்காது. ஆனாலும் நம் தொக்குக்குப் போட்டுப் பாருங்கள். 200 கிராம் தொக்கு 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 15 சதவீதம் என்றால் 30 கிராம், 15 ரூபாய். நம் குழுவில் வாரச் சேமிப்பு 10 ரூபாயில் ஆரம்பித்த அக்காக்கள் இருக்கிறீர்கள். 15 ரூபாய் சின்னதா பெரிசா என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியது இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்த்தேன். 2009-ஆம் வருடத்து எடையளவுச் சட்டமும் 2011-இல் வந்த பொட்டலப் பொருள் விதிகளும் நிகர எடையை லேபிளில் போடச் சொல்கின்றன. பாட்டிலின் எடையைக் கழித்து உள்ளே இருக்கிற சாமானின் எடை. நாமும் போடுகிறோம். சட்டம் உள்ளே போனதை எடை போடுகிறது, வெளியே வருவதை எடை போடுவதில்லை. அதனால் எப்படிப்பட்ட பாட்டிலில் அடைத்தாலும் விற்கிறவர் மேல் தப்பு வராது. தப்பு இல்லை என்பதும் வாங்குகிறவளுக்கு நஷ்டம் இல்லை என்பதும் ஒன்றல்ல.

தர்மபுரியில் 1989-இல் முதல் மகளிர் குழுக்கள் வந்தபோது சேமிப்பும் கடனும்தான் வேலை. 1997-க்குப் பிறகு மகளிர் திட்டம் எல்லா மாவட்டத்துக்கும் வந்தது. அதற்கப்புறம்தான் நாம் செய்து விற்கிறவர்களாகவும் ஆனோம். அதுவரைக்கும் பாட்டிலை வழிக்கிற பக்கம் மட்டும் இருந்தவர்கள், இப்போது பாட்டிலைத் தேர்ந்தெடுக்கிற பக்கமும் வந்துவிட்டோம். திருவண்ணாமலையில் நம் ஸ்டாலில் ஒரு பெரியம்மா தேன் பாட்டிலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ள என் கரண்டி போகாதேம்மா" என்று திரும்ப வைத்துவிட்டுப் போனார்கள். தேன் நல்லதா என்று அவர்கள் கேட்கவே இல்லை.

நமக்கு லிக்விகிளைடு பாட்டில் வாங்க வசதி இல்லை. வேண்டியதும் இல்லை. தொக்கின் மேல் நல்லெண்ணெய் நிற்கிற அளவுக்கு ஊற்றினால் கெடாமலும் இருக்கும், பாட்டிலின் ஓரத்தில் ஒட்டாமல் கரண்டிக்கும் சுலபமாக வரும். எண்ணெய் குறைத்து லாபம் பார்க்கலாம் என்று ஒருவர் சொன்னதற்கு நான் ஒத்துக்கொள்ளாத காரணம் இதுதான். தொக்குக்கு அகல வாய், உள்ளே தோள்பட்டை இல்லாமல் நேராக இறங்குகிற கண்ணாடி பாட்டில் நல்லது என்பது என் கருத்து. தேனுக்கு அமுக்குகிற பாட்டில் ஒத்துவரலாம். காலி கண்ணாடி பாட்டிலைக் கழுவித் திருப்பிக் கொடுத்தால் அடுத்த பாட்டிலுக்கு விலை குறைக்கலாம், கடலூர்க்காரர் காலிப் பாக்கெட்டுக்குச் செய்த மாதிரி. கண்ணாடி உடையும், பஸ்ஸில் எடுத்துப் போவது கஷ்டம் என்று செய்யாறு பக்கத்துக் குழுக்காரர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

அதனால் வாயால் பேசுவதைவிட எடை போட்டுப் பார்த்துவிடலாம் என்று செயற்குழுவில் முடிவாகியிருக்கிறது. அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் வீட்டில் தீர்ந்துபோன தொக்கு, தேன், சாஸ், ஷாம்பு, பேஸ்ட் எது இருந்தாலும் காலி பாட்டிலும் டியூபும் கொண்டு வாருங்கள். கழுவிவிடாதீர்கள். தண்ணீர் விட்டுக் குலுக்கவும் வேண்டாம், கத்திரிக்கோலால் வெட்டவும் வேண்டாம். இனிமேல் வராது என்று நீங்கள் தூக்கிப்போட நினைத்த நிலைமையிலேயே மூடி வையுங்கள். தேன் அடைக்கிற அறையில் இருக்கும் கிராம் தராசில் முதலில் அப்படியே ஒரு எடை, பிறகு கழுவிக் காயவைத்து ஒரு எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை யார் வீடு, என்ன சாமான், என்ன பாட்டில் என்று நோட்டில் எழுதிக்கொள்வோம். நோட்டு என்னிடம் இருக்கிறது, கோடு போட்டு வைத்துவிட்டேன்.